நில்லாயியின் கண்

மணி பத்தேகால்தான். பன்னிரண்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று ஃபர்ஸானா சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் திருமூர்த்தி இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டார், அந்தப் பன்னிரண்டு மணி இவரை ஏமாற்றிவிட்டு முன்னாலேயே வந்து நின்றுவிடும் என்பதைப்போல. மகள் வாணியின் அறையில், வாணியின் நாற்காலியில், வாணியின் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவள் உயரத்துக்கு வைத்தது, இவருக்கு முழங்கால் மேசையில் இடித்தது. அடியில் ஒரு பிடி இருக்கிறது, இழுத்தால் ஏறும் இறங்கும், முப்பத்தோரு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அதுகூடவா தெரியாது, ஆனால் இந்த ஏழு மாதத்தில் அதைத் தொடவில்லை. கோகிலவாணி, வயது இருபத்தேழு, காய்ச்சல், ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அதற்கு மேல் நிறைய எழுதியிருந்தது, இவருக்கு மனதில் நின்றது இவ்வளவுதான். ஃபர்ஸானா அவளோடு கேம் கம்பெனியில் வேலை பார்த்தவள். இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து நாலு வருஷம் ஒரு கேம் செய்தார்கள், பயமுறுத்துகிற கேம். பூட்டிக் கிடக்கும் நூல் மில்லுக்குள் மாட்டிக்கொண்ட ஒருத்தி உயிரோடு வெளியே வந்தாக வேண்டும், உள்ளே ஒரு மெஷின் அவளைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த மெஷின்தான் அங்கே சாமி. சாமி எப்படிச் சாமியானது என்கிற கதையை வாணி இருபத்து மூன்று துண்டுக் காகிதமாக எழுதி, மில்லுக்குள் அங்கங்கே, அலமாரிக்குள், சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில், இறந்தவர்களின் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்தாள். விளையாடுகிறவர்கள் உயிருக்குப் பயந்து ஓடுகிற ஓட்டத்திலேயே அதையெல்லாம் பொறுக்கிப் படிக்க வேண்டும். அடுத்த மாதம் கேம் வெளியே வருகிறது, இன்றைக்கு மத்தியானம் எல்லாவற்றையும் முடித்துப் பூட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. பதினேழாவது துண்டின் அடியில் வாணி ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பதை ஃபர்ஸானா நேற்றுத்தான் பார்த்திருக்கிறாள். 'அப்பாகிட்ட கேக்காம இதைப் போடக் கூடாது.' கேட்கவில்லை. கேட்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. "படிச்சுப் பாருங்கப்பா, வேண்டாம்னா எடுத்துரலாம், மத்ததெல்லாம் இருக்கு, ஒண்ணு குறைஞ்சா யாருக்கும் தெரியாது" என்றாள் ஃபர்ஸானா. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவர் காதில் அது வேறு குரலில் விழுந்தது.

சாமியின் பெயர் நில்லாயி. அது எங்கிருந்து வந்தது என்று இவருக்குத் தெரியும். வாணியின் சின்ன வயதில், ஐந்து ஆறு வயது இருக்கும், மில் லைன் வீட்டில் இருந்தார்கள், சுவரில் காதை வைத்தால் மில் ஓடுகிற சத்தம் கேட்கும், அவள் காதை வைத்துக்கொண்டு, "அப்பா, அது எப்பப்பா தூங்கும்" என்பாள். "அது நில்லாது கண்ணு" என்று இவர் சொல்வார். "தீபாவளிக்கு?" "தீபாவளிக்கு ஒருநாள் நிக்கும்." "நின்னா என்ன பண்ணும்?" இவர் என்ன பதில் சொன்னார் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சொல்லியிருப்பார், பசிக்கும் என்றோ அழும் என்றோ, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அந்த ஆயி மட்டும் இவள் சேர்த்தது. போன மாதம் ஃபர்ஸானா வந்து லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் டார்ச் எரியும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். இவர் முயன்று பார்த்தார். நாலு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. திரை கறுத்துச் சிவந்து, அந்தப் பெண்ணின் மூச்சு நின்று, மறுபடி முதலிலிருந்து. ஏழெட்டுத் தடவை செத்தபிறகு ஓடுவதை விட்டுவிட்டு ஒரு தூண் மறைவில் நிறுத்தி வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கார்டிங் சத்தம். பஞ்சைச் சீவுகிற மெஷினின் சத்தம், எங்கேயோ உண்மையான மில்லில் போய்ப் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். கேட்டதும் அவர் கை தன்னையறியாமல் மேசைமேல் விரலால் தட்டிக் கணக்குப்போட்டது. இடதுபக்கத்து பேரிங் போயிருக்கிறது, இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் ஷாஃப்டைத் தின்றுவிடும், யாராவது போய்ச் சொன்னால் தேவலை. பிறகுதான் இது கேம் என்று உறைத்தது, தூணுக்குப் பின்னாலிருந்து நில்லாயி வந்துவிட்டாள், இரும்புப் பல்லெல்லாம் உருளையாகச் சுற்ற, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கம்பிச் சுற்று. அந்த மஞ்சளை அன்றைக்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, மஞ்சள்கயிறு போல இருக்கிறது, சாமி என்றால் மஞ்சள் கட்டத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினார். அப்படியா நினைத்தார்? நினைத்த மாதிரி தனக்கே காட்டிக்கொண்டாரா? கண் பார்த்ததை மனசு வேறொன்று என்று எழுதிக்கொள்கிறது, எழுதியதையே பிறகு பார்த்ததாகச் சாதிக்கிறது.

பதினேழாம் துண்டு திரையில் இருந்தது. தலைப்பு, 'கட்டினவன்'. முதல் பாதியை மூன்று தடவை படித்தாயிற்று. 'நில்லாயி முதலில் சாமி இல்லை. இரும்பு. பஞ்சைச் சீவிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவளுக்கு ஒரே ஒரு கண் இருந்தது. கதவைத் திறந்தால் அந்தக் கண் திறக்கும். உள்ளே வருவது பஞ்சா கையா என்று அவளுக்குத் தெரியும். கை என்றால் உடனே நின்றுவிடுவாள். பத்து வருஷம் அப்படி நின்று நின்று ஓடினாள். அவள் நிற்பது முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு ஃபிட்டர் வந்து அவள் கண்ணை மஞ்சள் கம்பியால் கட்டினான். அவன் கெட்டவன் இல்லை. கட்டச் சொன்னார்கள், கட்டினான். கண்ணைக் கட்டியபிறகு அவளுக்கு எது பஞ்சு எது கை என்று தெரியவில்லை. வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். அவளிடமா குற்றம்?' அவன் கெட்டவன் இல்லை என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண் நின்றது. பிறகு முன்னால் போகாமல் மேலே ஏறி, மஞ்சள் கம்பிக்குப் போய் நின்றது. லிமிட் சுவிட்ச் என்பதைக் கண் என்று எழுதியிருக்கிறாளே, அதுகூடச் சரிதான், கதவோடு ஒட்டிய சின்ன நெம்புகோல், கதவு மூடியிருந்தால் அமுங்கியிருக்கும், திறந்தால் இமை மாதிரி மேலே வரும், மோட்டார் நின்று பிரேக் பிடிக்கும். எல்லா மில்லிலும் உண்டு, புத்தகத்தில் உண்டு, நெட்டில் தேடினால் கிடைக்கும். மஞ்சள்? கம்பி என்றால் யாரும் துருப்பிடித்த கட்டுக்கம்பியைத்தான் நினைப்பார்கள். பழைய எலக்ட்ரிக் வயர், மஞ்சள் உறை போட்டது, ஒரு சாண் நீளம், அதை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்?

தொண்ணூற்றாறு, ஆனி மாதம், பகல் ஷிப்ட். ஏழாம் நம்பர் கார்டிங்கின் கதவு லூசாகிப்போய் அதிர்ந்துகொண்டே இருந்தது, அது அதிர அதிர சுவிட்ச் விட்டு விட்டு அடித்தது, மெஷின் மணிக்குப் பத்துத் தடவை நின்றது. கீல் மாற்ற வேண்டும், அதற்கு அரைநாள் மெஷினை நிறுத்த வேண்டும். ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தார், வெள்ளைச் சட்டை, காதில் பஞ்சு அடைத்திருப்பார், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார், அன்றைக்கு மட்டும் கிட்ட வந்து மெதுவாகப் பேசினார். "அந்தச் சுவிட்சை ஏதாச்சும் பண்ணுய்யா. ஞாயித்துக்கிழமை கீல் மாத்திக்கலாம். ரெண்டு நாள்தானே, யாருக்கும் தெரியாது." திருமூர்த்தியின் பையில் மஞ்சள் வயர் இருந்தது. ஏன் இருந்தது, காலையில் பையை எடுக்கும்போது அது இல்லாமல் இருந்திருந்தால், ஸ்டோருக்குப் போய் எழுதிக்கொடுத்து வாங்க வேண்டியிருந்தால், அந்தப் பத்து நிமிஷத்தில் வேண்டாம் என்று தோன்றியிருக்குமா. தோன்றியிருக்காது. இருபத்தெட்டு வருஷமாக இந்த இடத்தில் அவர் தோன்றியிருக்கும் என்றுதான் நினைத்து வந்திருக்கிறார், இன்றைக்கு வாணியின் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தால் தோன்றியிருக்காது என்று வருகிறது. நெம்புகோலை அமுக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, முறுக்கி, முனையை உள்ளே மடக்கினார். நல்ல வேலைக்காரன், முனை யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று மடக்கினார். அப்போது பக்கத்தில் துடைப்பத்தோடு செல்வமணி நின்றிருந்தாள். கிளீனிங் வேலைக்கு வந்து நாலு மாதம், பத்தொன்பது வயது, தலையில் பஞ்சு விழாமல் துண்டு கட்டியிருப்பாள். கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், நிறுத்துவது இந்தச் சுவிட்ச்தான் என்று தெரியாது. "என்னங்கண்ணா, மெஷினுக்குத் தாலி கட்டறீங்களா?" என்றாள். சிரித்தாள். இவரும் சிரித்தார். அது மட்டும் பொய்யில்லை, சிரித்தார்.

அந்த மஞ்சளை இரண்டு பேர்தான் பார்த்தார்கள். கட்டினவரும் செல்வமணியும். இவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. அப்படியென்றால் வாணி செல்வமணியைத் தேடிப் போயிருக்கிறாள். மில்லெல்லாம் மூடியபிறகு அவரவர் ஒரு பக்கம் போய்விட்டார்கள், கேமுக்காகப் பழைய ஆட்களைப் பார்க்கிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் சிங்காநல்லூர், பல்லடம் என்று அலைந்தது ஞாபகம் இருக்கிறது, யார் யாரைப் பார்த்தாய் என்று இவர் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு, அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவது. எதிரெதிராக உட்கார்ந்திருப்பார்களா இருவரும்? செல்வமணி டீ போட்டுக் கொடுத்திருப்பாளா, ஒரு கையால் எப்படி, இடது கையால் டம்ளரை நீட்டியிருப்பாள், என் மகள் அதை வாங்கியிருப்பாள். நீ யாரு கண்ணு, உங்கப்பா பேரு என்ன, என்று கேட்டிருப்பாளா? கேட்டிருந்தால் சொன்னாளா? போன வருஷம் ஒரு சாயங்காலம், மழை வருகிற மாதிரி இருந்தது, ஸ்கூட்டியை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, கார்டிங்ல கதவைத் தொறந்தா மெஷின் நின்னுருமா?" என்று கேட்டாள். கேமுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தார். "நிக்கும்" என்றார். "எப்பவுமேவா?" "எப்பவுமே நிக்கும்." அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து தோசை சாப்பிட்டாள். மூன்று தோசை. கொஞ்சம் அதிகமாகப் பொடி போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போது எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் வருவது பொடி தொட்ட விரல்தான், முகம் வரவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அவள். நிக்கும் என்று நான் மூடினேன். இரண்டு தடவை கேட்டாள். எப்பவுமேவா என்று ஒருத்தி கேட்டால் அதற்கு என்ன அர்த்தம், ஒரு மனுஷனுக்கு அதுகூடவா புரியாது.

"சாப்பிட வர்றீங்களா இல்லையா, இட்லி ஆறுது" என்று மனைவி சரோஜினி வாசற்படியில் வந்து நின்றாள். இந்த அறைக்குள் அவள் வருவதில்லை, வாசற்படியோடு சரி. துவைத்த துணி வாளி இடுப்பில் இருந்தது. "பசிக்கல, நீ சாப்பிடு" என்றார். "ஃபர்ஸானா என்னவோ கேட்டுச்சாம்ல?" "வாணி எழுதினது ஒண்ணு. போடட்டுமான்னு கேக்குது." "அதுல கேக்க என்ன இருக்கு, புள்ள எழுதினதைப் போடாம?" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள், ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. அந்த மூச்சு சட்டென்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது, நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது, வழி கேட்காமல் வந்து நிற்கிறது. வாணிக்கு மூச்சு விட ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். மற்ற அப்பா அம்மாவெல்லாம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் மெஷினைப் பார்த்தார். இழுப்புக்கும் விடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, ஏதாவது உரசுகிறதா, பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. அது அடிக்கடி கூவியது. கூவும்போதெல்லாம் நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்க, சத்தம் நின்றுவிடும். "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்பாள். பொறுப்பான பெண், ஒவ்வொரு தடவையும் குழாயெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினாள், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொத்தானை அவள் விரல் அமுக்கும்போது இவர் விரல்கள் தாமாகவே காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கின. ஏழாம் நம்பர் வந்துவிட்டது, இத்தனை வருஷம் கழித்து வழி விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது, எது பஞ்சு எது கை என்று தெரியாமல் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் நாள் அவர் அந்த மெஷினிடம் வாய்விட்டுப் பேசினார். என்னை எடுத்துக்கோ தாயே என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகன் திரும்பிப் பார்த்தான். அப்போது நில்லாயி என்று ஒரு பெயர் இருப்பதே இவருக்குத் தெரியாது. மகள் உள்ளே எழுதிவைத்திருந்த சாமியை அப்பன் வெளியே நின்று கும்பிட்டிருக்கிறான். அதெல்லாம் ஒன்றுமில்லை, கொசு கடித்தது, காய்ச்சல் வந்தது, எத்தனையோ பேருக்கு வந்தது, எத்தனையோ பேர் எந்தச் சுவிட்சையும் கட்டாமலே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார்கள். தனக்கென்று ஒரு தண்டனை தனியாகத் தயாராகி வந்தது என்று நினைப்பதில்கூட ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரிகிறது. தெரிந்தும் சாயங்காலமானால் அந்த நினைப்புக்குத்தான் போய் உட்காருகிறார், அங்கேதான் கொஞ்சம் சூடாக இருக்கிறது.

பதினொன்று நாற்பது. இரண்டாம் பாதியை அவர் ஒரு தடவைதான் படித்திருந்தார். மறுபடி போக மனம் வரவில்லை, போகாமலும் முடியவில்லை. 'அன்று பிற்பகல் உள்ளே பஞ்சு அடைத்துக்கொண்டது. கண் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிச் செல்வி கதவைத் திறந்து கையை விட்டாள். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் அவன்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் ஓடினான். காக்கிச் சட்டையெல்லாம் ரத்தம். அழுதுகொண்டே ஓடினான். அந்த அவசரத்தில் நில்லாயியின் கண்கட்டை அவிழ்க்க மறந்துபோனான். அவனுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது கட்டு என்றே தெரியவில்லை. நகை என்று நினைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் நிற்கவில்லை.' அவ்வளவுதான் துண்டு. பேரைச் செல்வி என்று மாற்றியிருக்கிறாள், மணியை மட்டும் எடுத்திருக்கிறாள். தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். திருமூர்த்தி கண்ணை மூடினார். மூடினால் கார்டிங் டிபார்ட்மெண்டின் நீளமான நடை, இரண்டு பக்கமும் வெள்ளைப் பஞ்சுப் பட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, தூரத்தில் காக்கிச் சட்டை ஒன்று ஓடுகிறது, தோளில் துண்டு கட்டிய தலை ஒன்று ஆடுகிறது. அந்தக் காக்கி மேஸ்திரி பழனியப்பன். குட்டையான ஆள், இரண்டு பேருக்கும் ஒரே கடையில் தைத்த சட்டை. இவர் அந்த நடையின் மறுமுனையில், ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கையில் கட்டிங் பிளேயர். சத்தம் கேட்டதும் ஓடிவந்தது நிஜம், முதலில் வந்ததும் நிஜம், வந்தவுடன் அவர் கண் போனது அவளிடம் இல்லை, சுவிட்சிடம். எல்லாரும் அவளைச் சூழ்ந்திருந்தபோது மூன்று சுற்றையும் வெட்டினார், துண்டுகளை எண்ணினார், எண்ணிப் பார்த்துப் பையில் போட்டார், நல்ல வேலைக்காரன். அப்புறம் வெளியே போனார். கேன்டீனில் டீ கேட்டார். சூடாக இருந்தது, ஊதிக் குடித்தார். கையில் நடுக்கம் இல்லை, அதுதான் இத்தனை வருஷத்தில் ஆறாதது, டம்ளர் அவர் கையில் அசையாமல் இருந்தது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது, கதவைத் திறந்தால் மெஷின் நின்றது. கம்பி கட்டியிருந்ததுங்க என்று செல்வமணி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னாளாம். அப்படி எதுவும் இல்லை, மயக்கத்தில் உளறுகிறாள் என்றார்கள். வேலைக்காரியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சரோஜினி அப்போது ஐந்து மாதம். டீ குடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, "இங்க கை வெய்யுங்க, அசையுது" என்று அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

அழுதுகொண்டே ஓடினான் என்று என் பிள்ளை எழுதியிருக்கிறாள். எப்படி எழுதினாள்? அவளாகவே கட்டிக்கொண்டாளா, அப்பாவைப் பற்றித் தெரிந்தது பாதி, மீதியைத் தன் ஆசையால் நிரப்பிக்கொண்டாளா? இல்லை, எல்லாமே தெரிந்து, வேண்டுமென்றே இப்படி எழுதி, நான் படிக்கும்போது என்ன செய்கிறேன் என்று பார்க்க நினைத்தாளா? அப்படிப்பட்ட பெண் இல்லை அவள். இருந்தாலும் எப்பவுமேவா என்று கேட்டாளே. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இருபத்திரண்டு துண்டு இருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் நில்லாயி வெறும் பேயாகிவிடுவாள், காரணமில்லாமல் தின்கிறவள் ஆகிவிடுவாள், அவளிடமா குற்றம் என்று கேட்ட ஒரே வரி போய்விடும். அப்படியே போடு என்று சொல்லிவிடலாம். அதில்தான் அவர் மனம் வெகுநேரம் நின்றது, குளிருக்குப் போர்த்திக்கொள்வதைப்போல. லட்சம் பேர் விளையாடுவார்கள் என்று ஃபர்ஸானா சொல்கிறாள், லட்சம் பேருக்கும் அந்த ஃபிட்டர் நல்லவன். வாணிக்கும் அவன் நல்லவன், அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள், போன பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவது என்ன நியாயம். அவள் மனசுக்குள் ஒரு அப்பன் தோளில் ஒருத்தியைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறான், அவன் பாட்டுக்கு ஓடட்டுமே. அந்த ஆளாக இருந்திருக்கலாம். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். பிளேயரைக் கீழே போட்டிருந்தால் போதும். பழனியப்பன் செத்துப் பதினைந்து வருஷமாகிறது, மூட்டுவலியோடு கஷ்டப்பட்டுச் செத்தான், அவன் செய்த ஒரு பெரிய காரியத்தை என் மகள் எடுத்து என் தோளில் வைத்திருக்கிறாள், நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. பன்னிரண்டு ஆவதற்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

"அப்பா, படிச்சீங்களா?" என்றாள் ஃபர்ஸானா.

"படிச்சேம்மா."

"வாணி ஏன் உங்களைக் கேக்கணும்னு எழுதினான்னு எனக்குப் புரியல. நேத்து அவ பழைய ரெக்கார்டிங்கெல்லாம் போட்டுக் கேட்டேன். செல்வமணின்னு ஒரு அம்மா பேசியிருக்காங்க. கை இல்லாதவங்க. ஃபிட்டர் அண்ணன் கட்டினாரு, மேல இருக்கறவங்க சொன்னா அவர் என்ன செய்வாரு, ஆனா எனக்கு மயக்கம் தெளிஞ்சப்ப எல்லாரும் சொன்னாங்க, காக்கிச் சட்டைக்காரர்தான் தூக்கிட்டு ஓடினாருன்னு, அது அவராத்தான் இருக்கும், தங்கமான மனுஷன், அப்படின்னு சொல்றாங்க. அதைக் கேட்டுட்டு வாணி டம்ளரைக் கீழ வெக்கற சத்தம் கேக்குது. அப்புறம் அவர் எங்கப்பாதாங்கன்னு சொல்றா."

திருமூர்த்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"சிரிக்கிறாங்கப்பா. நல்லா இருக்காரான்னு கேக்கறாங்க."

மாடியிலிருந்து சரோஜினி இறங்கிவரும் சத்தம் கேட்டது. அவர் கதவைப் பார்த்தார், எழுந்து போய்ச் சாத்தலாம் என்று தோன்றியது, எழவில்லை.

"ஃபர்ஸானா, போடும்மா அதை. ஆனா அதுல ஒரு தப்பு இருக்குது. எழுதிக்கிறியா?"

"சொல்லுங்கப்பா."

"அந்த ஃபிட்டர் அவளைத் தூக்கல. தூக்கினது பழனியப்பன்னு ஒரு மேஸ்திரி. அந்தப் பேரை அப்படியே போடு, மாத்தாதே. ஃபிட்டர் கம்பியை வெட்டிட்டு இருந்தான். வெட்டிப் பையில போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டான். அழுகல. அந்தப் பொண்ணு கம்பி இருந்துச்சுன்னு சொன்னப்ப அவன் வாயைத் திறக்கல. பொய் சொல்றான்னு அவளைத்தான் சொன்னாங்க."

சரோஜினி வாசற்படியில் நின்றிருந்தாள். காலி வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபர்ஸானா மிகவும் தயங்கி, வேலையைப் பற்றிக் கேட்பதுதான் இப்போதைக்கு மரியாதை என்பதைப்போல, "அப்பா, கம்பியை வெட்டிட்டாருன்னா நில்லாயிக்குக் கண்கட்டு இருக்காதே. அப்புறம் அவ ஏன் நிக்கல?" என்று கேட்டாள்.

இந்த இடத்துக்கு அவர் காலையிலிருந்து வரவே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக, தனியாக இருக்கும்போதுகூட, இதற்கு ஒரு அடி முன்னாலேயே திரும்பிவிடுவார்.

"இன்ஸ்பெக்டர் போன மறுநாள் மறுபடி கட்டினேன்" என்றார். "கீல் மாத்தவே இல்லம்மா. மறுபடி நானேதான் கட்டினேன். மூணு மாசம் அப்படியேதான் ஓடுச்சு."

சரோஜினி உள்ளே வந்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்து, வாணியின் கட்டில் ஓரத்தில், அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். ஃபர்ஸானா அழுகிறாளா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. "அந்த ஃபிட்டருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு வாணி எழுதலப்பா" என்றாள். "விளையாடறவங்க கேப்பாங்க."

"ஒண்ணும் ஆகல" என்றார் திருமூர்த்தி. "அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுது. வேலை நிலைச்சுது. நாலு மாசத்துல ஒரு பொண்ணு பொறந்துச்சு. நல்ல பொண்ணு. அதையும் எழுதிக்க."

சற்றுக் கழித்து மறுமுனையில் கீபோர்டின் சத்தம் கேட்கத் தொடங்கியது, விட்டு விட்டு, நிதானமாக. அது நிற்கும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.